கேட்டால் சொல்பவரும் கேளாமல் ஊதுபவரும்

(மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள டோர்வலில் தமிழ் அன்பர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்த விளையாட்டில் நடுவராக நிற்பது மிகக் கடினம் என்று எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். நாள் முழுக்க வெயிலில் நின்று, பந்துவீச்சாளர்களின் தொப்பியையும் கம்பளிச் சட்டையையும் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் எண்ணுவது லேசா என்பார். உதைபந்தாட்டம் என்பார் இன்னொருவர். தொண்ணூறு நிமிடம் ஓடியாக வேண்டும். ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டால் ஊர் இரண்டுபடும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுச் சிரித்துவிட்டு, ஐஸ் ஹொக்கி என்று முடித்துவிடுவார்கள்.

பிள்ளைகள் சொல்லும் விடை எனக்குச் சம்மதம். அவர்கள் சொல்லும் காரணம் சம்மதமில்லை. வேகம் என்கிறார்கள். மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிப்பும் கொண்ட கறுப்பு ரப்பர் வட்டு, எடை ஏறக்குறைய 170 கிராம். அந்தப் பக்கை ஸ்டெனோ சாரா 2012ஆம் ஆண்டு ஓல் ஸ்டார் திறன்போட்டியில் மணிக்கு 175 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தார். பயங்கரமான வேகம்தான். கிரிக்கெட்டில் ஷோயிப் அக்தர் 2003 உலகக் கிண்ணத்தில் வீசிய பந்து 161.3 கிலோமீற்றர். டென்னிஸில் ஜோன் இஸ்னர் 2016இல் போட்ட சேர்வ் 253 கிலோமீற்றர். வேகந்தான் அளவுகோல் என்றால் டென்னிஸ் கோட்டு நடுவர் எல்லோருக்கும் மேலே நிற்க வேண்டும். அவர் இப்போது எங்கே நிற்கிறார்? 2025இலிருந்து ஆண்களுக்கான ஏ.டி.பி. சுற்றுப் போட்டிகளில் கோட்டைப் பார்ப்பது கமராக்கள். அதே ஆண்டு விம்பிள்டனும் கோட்டு நடுவர்களை வழியனுப்பிவிட்டது. எது மிக வேகமோ அதுதான் முதலில் கருவியின் கைக்குப் போனது. காரணம், அங்கே கேட்கப்படுவது ஒரேயொரு கேள்வி: உள்ளேயா, வெளியேயா? அதற்கு விடை எப்போதும் ஒன்றுதான்; அளந்தால் கிடைத்துவிடும்.

எனவே நான் வேறு இரண்டு கேள்விகளை வைத்து விளையாட்டுகளை நிறுத்துப் பார்க்கிறேன். நடுவரிடம் யாராவது கேட்ட பிறகு அவர் சொல்கிறாரா, அல்லது யாரும் கேளாமல் அவராகவே குறுக்கிட வேண்டுமா? அப்படிக் குறுக்கிடும்போது நடந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதுமா, அல்லது எவ்வளவு நடந்தால் குற்றம் என்பதையும் அவரே முடிவுசெய்ய வேண்டுமா?

முதலில் கிரிக்கெட். நான் கோடையில் சனி ஞாயிறுகளில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவன். சொந்த வேலையைக் குறைத்துச் சொல்லும் ஆசை யாருக்கும் இராது. என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் நடுவருக்கு வேறு நடுவர்கள் பலருக்கும் இல்லாத ஒரு சலுகை இருக்கிறது. விதிப்புத்தகத்தின் 31ஆம் விதிப்படி, களத்தடுப்பு அணி அவுட் கேட்காமல் நடுவர் யாரையும் அவுட் கொடுக்க முடியாது. மட்டையில் பட்டதை அவர் காதால் கேட்டிருக்கலாம், காலில் பட்டதைக் கண்ணால் கண்டிருக்கலாம். கேட்காத வரை அவர் வாயைத் திறக்கத் தேவையில்லை. கேட்டாலும் இரண்டே பதில். சந்தேகமென்றால் துடுப்பாட்டக்காரருக்குச் சாதகமாக விட்டுவிடலாம் என்ற மரபும் கைவசம் உண்டு.

இதனால் வேலை சுலபம் என்று சொல்ல வரவில்லை. 1986 செப்டெம்பர் 22, சேப்பாக்கம். அவுஸ்திரேலியா முதல் இனிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574. டீன் ஜோன்ஸ் சென்னை வெக்கையில் வாந்தி எடுத்து எடுத்து 210 ஓட்டம் அடித்த ஆட்டம். கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 தேவை. கடைசி ஓவரை கிரெக் மத்யூஸ் வீசுகிறார், கையில் ஒரே விக்கெட், எடுக்க வேண்டியது 4 ஓட்டம். ரவி சாஸ்திரி இரண்டாம் பந்தில் இரண்டும் மூன்றாம் பந்தில் ஒன்றும் எடுத்துச் சமப்படுத்திவிட்டு மறுமுனைக்குப் போய்விட்டார். நாலாம் பந்தை மனிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாம் பந்து காலில் பட்டது. அவுஸ்திரேலியர்கள் தொண்டை கிழியக் கேட்டார்கள், நடுவர் வி. விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. மட்டையில் பட்டது என்று மனிந்தர் அன்று தொடங்கிச் சொல்லிவருகிறார். விக்ரம்ராஜு நடுவராக நின்ற டெஸ்ட்கள் மொத்தம் 2. சேப்பாக்கம்தான் அவருக்குக் கடைசி.

அந்த விரலை நினைத்துப் பாருங்கள். இரண்டு அணியும் சமநிலையில் நிற்கிறபோது, அரங்கு முழுக்க இந்திய ரசிகர் இருக்கும்போது, ஒரு இந்திய நடுவர் இந்தியாவின் கடைசி விக்கெட்டைக் கொடுக்கிறார். துணிச்சல் வேண்டும். ஆனால் அவரை எவரோ கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அந்தத் தீர்ப்பில் பதினொரு பேருடைய கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

கிரிக்கெட் நடுவர்கள் உண்மையில் அடிபட்ட இடங்கள் எவை என்று தேடினால், அவர்கள் கேளாமலே சொல்ல வேண்டிய இடங்கள்தான் முன்னுக்கு வருகின்றன. நோ-போலுக்கு யாரும் அப்பீல் செய்வதில்லை. நடுவர்தான் பார்த்துக் கத்த வேண்டும். 140 கிலோமீற்றரில் வரும் பந்து கையை விட்ட நேரத்திலிருந்து மட்டையை அடைய அரை விநாடி ஆவதில்லை. அதற்குள் நடுவர் பந்துவீச்சாளரின் முன்னங்கால் கோட்டைக் கீழே பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி, பந்து எங்கே விழுந்தது, எங்கே பட்டது, மட்டையில் உரசியதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். 2019 மார்ச் 28 அன்று பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் கடைசிப் பந்தில் பெங்களூருக்கு 7 ஓட்டம் தேவை. லசித் மாலிங்கவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. சென்னையைச் சேர்ந்த எஸ். ரவி அதைக் கவனிக்கவில்லை. மும்பை 6 ஓட்டத்தால் வென்றது. அரங்கின் பெரிய திரையில் அந்தக் கால் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்த ரவி சாதாரண ஆளில்லை. ஐ.சி.சி.யின் உயர்மட்ட நடுவர் குழுவில் எஸ். வெங்கட்ராகவனுக்குப் பிறகு இடம்பிடித்த இரண்டாவது இந்தியர். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் விளையாடி, 73 டெஸ்டுக்கு நடுவராகவும் நின்றவர், அவரும் சென்னைக்காரர். மறு ஆண்டே முன்னங்கால் நோ-போலைத் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் மூன்றாம் நடுவரிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். டென்னிஸ் கோட்டுக்கு நேர்ந்ததுதான் இதற்கும்.

அடுத்தது, இந்தச் சபையில் சொல்லக் கூச்சமான விஷயம். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிக்கு நடுவர் டாரல் ஹெயர் மூன்று ஓவர்களில் 7 முறை, பந்தை எறிகிறார் என்று நோ-போல் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் பெரிய போட்டி பார்த்து வளர்ந்த நாங்களெல்லாம் அந்தப் பெயரை இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறோம். நானும் அப்படித்தான். ஆனால் நடுவனாக நின்று யோசித்தால், அன்றைய சட்டம் அவரை என்ன கேட்டது? வீச்சு நேர்மையானது என்று உனக்குத் திருப்தி இல்லையென்றால் நோ-போல் சொல் என்றது. முழங்கை எவ்வளவு நிமிர்ந்தால் எறிதல் என்று ஒரு எண்ணும் தரவில்லை. வெறும் கண்ணை நம்பி, கேட்பாரில்லாமல், அளவில்லாத ஒன்றை அளக்கச் சொன்னது. பிறகு பல கமராக்களை வைத்து அளந்தபோது, சுத்தமான வீச்சு என்று பெயரெடுத்தவர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்று தெரியவந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று வரம்பு வைத்தார்கள். முரளி 800 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். ஹெயரின் தீர்ப்பு தவறென்று நான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தத் தவற்றில் பாதி, சட்டம் எழுதியவர்களுடையது. இதற்காக இன்று எனக்குச் சாப்பாடு போடமாட்டீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப்பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஓஃப்சைடில் கோட்டு நடுவர் தவறு செய்வதற்குச் சோம்பலோ லஞ்சமோ காரணம் என்று நினைப்பவர்கள், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டதைப் படிக்க வேண்டும். கொடி வைத்திருப்பவர் கடைசித் தடுப்பாளருக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் முன்னோ பின்னோ நின்றாலே, பார்வைக் கோணம் அவரை ஏமாற்றிவிடும். அந்த வேலையும் இப்போது கமராவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கையில் பந்து பட்டது வேண்டுமென்றா தற்செயலா என்ற சண்டையைத் தீர்க்க மட்டும் எந்தக் கமராவாலும் முடியவில்லை.

கபடிக்கு வருவோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். பாடிப் போகிறவர் ஒருவர். பிடிக்க நிற்பவர்கள் ஏழு பேர். ஒரு பாட்டுக்கு 30 விநாடி. நடுவர் பாடுபவரின் வாயைக் கேட்க வேண்டும், மூச்சு விட்டாரா என்று. காலைப் பார்க்க வேண்டும், போனஸ் கோட்டைத் தாண்டும்போது மற்றக் கால் காற்றில் இருந்ததா என்று. கை யார்மேல் பட்டது, யாருடைய கால் எல்லைக்கு வெளியே போனது, இரு ஓரங்களிலும் உள்ள லொபிப் பட்டை எப்போது ஆடுகளமாக மாறியது என்பதெல்லாம் அதே மூச்சில். ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், கோட்டோரத்தில் இரண்டு உதவியாளர் என்று ஆட்கள் நின்றும் போதவில்லை.

2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழா. ஆண்கள் இறுதியாட்டம், இந்தியாவும் ஈரானும். 28–28, மீதி ஒரு நிமிடம் சொச்சம். இந்திய அணித்தலைவர் பவன் செராவத் யாரையும் தொடாமல் லொபிக்குள் போய்விட்டார். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி, தொடாமல் லொபிக்குள் கால் வைத்த எல்லோரும் அவுட். புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட். எந்த விதி? ஒரு தீர்ப்பு வந்தது, பிறகு மாறியது, திரும்பவும் மாறியது. இரண்டு அணியும் மாறி மாறித் தரையில் உட்கார்ந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்று, கடைசியில் இந்தியா 33–29 என்று வென்றது. நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஒளிப்பதிவும் இருந்தது. கண் குறைபாட்டால் வந்த சண்டை இல்லை அது. உலகத்திலுள்ள எல்லாக் கமராவையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அன்று பயன் இருந்திராது.



கருவியை முழுதாக நம்புகிறவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஐங்கலைப் போட்டியின் வாள்வீச்சுப் பகுதி. வாள்முனை எதிராளியில் பட்டால் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். நடுவர் கண்ணைக் கசக்கவே வேண்டாம் என்ற ஏற்பாடு. சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷெங்கோவுக்கு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிரித்தானிய வீரர் ஜிம் ஃபொக்ஸ், தன்மேல் வாள் படவில்லையே என்று ஆட்சேபித்தார். வாளைப் பிரித்துப் பார்த்தால், பிடிக்குள் ஒரு சுவிட்ச். விரலால் அழுத்தினால் விளக்கு எரியும். ஆளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

இனி ஹொக்கி. இங்கே எல்லாம் மாறுகிறது. கோட்டைப் பார்ப்பது, ஓஃப்சைட், ஐசிங் எல்லாம் லைன்ஸ்மன் இருவருடைய பொறுப்பு. சண்டை மூண்டால் நடுவே புகுந்து பிரிப்பதும் அவர்களே. 1955 மார்ச் 13 அன்று பொஸ்டனில் அப்படிப் பிரிக்கப்போன கிளிஃப் தொம்ப்சனைத்தான் மொன்றியல் அணி வீரர் மொறிஸ் ரிஷார் குத்தினார். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இன் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் ரிஷாரை விலக்கிவைத்தார். மார்ச் 17 இரவு மொன்றியலின் சென் கத்தரீன் தெரு போர்க்களமானது. காம்பெல் முன்பு தாமே ஹொக்கி நடுவராக இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நடுவரை அடித்தவனுக்கு இன்னொரு பழைய நடுவர் கொடுத்த தண்டனை என்றும் அதைப் படிக்கலாம்.

கொக்கி போடுதல், பிடித்து இழுத்தல், இடறிவிடுதல், வழிமறித்தல்: ரெஃப்ரியின் தலையில் விழுவது இவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் இவை நூறு தடவை நடக்கின்றன. நூற்றையும் ஊதினால் ஆட்டமே இருக்காது. ஒன்றையும் ஊதாவிட்டால் ஆள் மிஞ்சாது. ஆக அவர் விதியைக் காப்பவர் மட்டுமில்லை, விதியின் அளவையும் அங்கேயே நின்று தீர்மானிப்பவர். இதற்கு என்.எச்.எல். தானே சாட்சி. தொழில் தகராறால் 2004–05 பருவம் முழுதும் நடக்கவில்லை. 2005 இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தபோது, கொக்கி போடுவதும் பிடித்து இழுப்பதும் முன்பும் குற்றந்தான், அப்போதும் குற்றந்தான். ஆனால் இனி கண்டிப்பாக ஊத வேண்டும் என்று நடுவர்களுக்கு உத்தரவு. எதிரணிக்கு ஆள் குறையும் பவர் பிளேக்கள் மளமளவென்று ஏறின. நேற்றுவரை ஆட்டத்திறனாக இருந்தது ஒரே நாளில் இரண்டு நிமிடத் தண்டனையாக மாறியது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ரெஃப்ரி கெரி ஃபிரேசர். 1993, எங்களில் பலர் வந்து குளிர் பழகிக்கொண்டிருந்த காலம். மே 27, லொஸ் ஏஞ்சலிஸில் கிங்ஸும் ரொறன்ரோவும். கூடுதல் நேரத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மோரின் நாடியில் பட்டு இரத்தம் வந்தது. அப்போது ரெஃப்ரி ஒருவர்தான். ஃபிரேசர் அதைப் பார்க்கவில்லை. லைன்ஸ்மன்களைக் கேட்டார், அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. தண்டனை இல்லை. சற்று நேரத்தில் கிரெட்ஸ்கியே வெற்றிக் கோலைப் போட்டார். ரொறன்ரோக்காரர் அதை இன்றும் மன்னிக்கவில்லை. கிங்ஸ் இறுதிச் சுற்றுக்கு, மொன்றியலுக்கு வந்தது. ஜூன் 3, பழைய ஃபோரம் அரங்கு, இரண்டாவது ஆட்டம், அதே ஃபிரேசர். கிங்ஸ் 2–1 என முன்னிலை. 1 நிமிடம் 45 விநாடி மீதி. மொன்றியல் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், மார்ட்டி மக்சோர்லியின் மட்டை வளைவை அளக்கச் சொன்னார். ஃபிரேசர் மட்டையை வாங்கிப் போய் அளவுகருவியை வைத்தார். வளைவு அதிகம். இரண்டு நிமிடத் தண்டனை. எரிக் டெஜார்டன் சமப்படுத்தினார், கூடுதல் நேரத்தில் அவரே வென்றும் கொடுத்தார். தொடரின் முடிவில் கிண்ணமும் மொன்றியலுக்கு.

ஒரே மனிதர், ஒரு வார இடைவெளி. கேட்டு, கருவியும் கையில் கொடுத்தபோது வேலை சில விநாடியில் முடிந்தது. எந்தக் கடைச் சிப்பந்தியும் அதைச் செய்திருப்பார். கேளாமல், தானாகப் பார்த்து, தானாகக் கையைத் தூக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரும் நடுவருடைய பெயர் வாழ்நாளுக்கும் கறைபட்டது.

எண்ணிப் பார்த்தால் போதும் என்கிற தீர்ப்பும் அங்கே சுலபமில்லை. 1979 மே 10, ஃபோரத்தில் ஏழாவது ஆட்டம், பொஸ்டன் 4–3 என முன்னிலை, மூன்று நிமிடம்கூட மீதியில்லை. பொஸ்டன் பக்கம் பனியில் ஒரு ஆள் அதிகம். லைன்ஸ்மன் ஜோன் டமிக்கோ கையைத் தூக்கினார். கீ லஃப்ளூர் சமப்படுத்தினார், மொன்றியல் வென்றது. ஆட்களைச் சிறுபிள்ளையும் எண்ணலாம்; ஆனால் அந்த நேரத்தில், உள்ளூர் அணிக்குச் சாதகமாக, அந்தக் கையைத் தூக்குவதுதான் வேலை.

இதெல்லாம் பணம் வாங்கும் பெரியவர்கள். இந்த டோர்வலிலும் சுற்றுவட்டத்து அரீனாக்களிலும் சனிக்கிழமை காலையில் கோடுபோட்ட சட்டையோடு நிற்பவர்களைப் பாருங்கள். பலர் பள்ளி மாணவர். 11, 12 வயதுக்காரர் ஆட்டத்தில் உடலால் இடித்துத் தள்ளுவதைக் கியூபெக் வெகு காலத்துக்கு முன்பே தடைசெய்தது, அல்பேர்ட்டா அனுமதித்துவந்தது. இரண்டு மாகாணத்தையும் ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, அல்பேர்ட்டாவில் காயம் மூன்று மடங்குக்கும் அதிகம் என்றது. 2013இல் கனடா முழுதும் தடை வந்தது. நல்ல விதி, நானும் கைதட்டுகிறேன். ஆனால் வழுக்கும் பனியில் பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கைத் துரத்தினால் உடல் உரசாமல் இருக்குமா? எது உரசல், எது இடி என்பதை அந்த மாணவரிடம் விட்டிருக்கிறோம்.

போன குளிர்காலம் ஒரு ஆட்டம் பார்த்தேன். மூலையில் இரண்டு பையன்கள் ஒன்றாகப் பலகையில் மோதினார்கள், ஒருவன் விழுந்தான். ரெஃப்ரியாக நின்ற பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதுக்குமேல் இராது. கை பாதி எழுந்து நின்றது, பிறகு இறங்கியது. இறங்கிய அந்தக் கைக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு தகப்பன் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கத்தினார். கோபம் மிஞ்சியதும் தமிழிலும் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கேட்டின் ஓரத்தால் பனியைச் சுரண்டிக்கொண்டு அடுத்த ஃபேஸ்-ஓஃப் வட்டத்துக்குப் போய்விட்டாள். விழுந்தவன் எழுந்து விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற எனக்கு அவள் சரியாகத்தான் விட்டாள் என்று பட்டது. கனடாவின் சில பகுதிகளில் பதினெட்டு வயதாகாத நடுவர்களுக்குப் பச்சை நிறக் கைப்பட்டி கட்டுகிறார்கள், இது பிள்ளை, கத்தாதே என்று பெற்றோருக்குக் காட்ட. பட்டி கட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது.

வரிசை சொல்லாமல் விடமாட்டீர்கள். என் கணக்கில் டென்னிஸ் கோடு அடியில், அது இப்போது பெரும்பாலும் மனிதர் வேலையே இல்லை. அதற்கு மேல் அவுட் கொடுக்கும் கிரிக்கெட் நடுவர், என்னையும் சேர்த்து. அதற்கு மேல் உதைபந்தாட்டம். கபடி அதற்கும் மேலே. உச்சியில் ஹொக்கி ரெஃப்ரி. அதிலும் என்.எச்.எல். ரெஃப்ரியை அல்ல, அவருக்கு 1998இலிருந்து படிப்படியாக இரண்டாவது ரெஃப்ரியைக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு லைன்ஸ்மனும் திரையில் மீள்பார்வையும் உண்டு. சிறுவர் ஆட்டங்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு பேர். கோட்டையும் அவர்களே பார்க்க வேண்டும், கொக்கியையும் அவர்களே பார்க்க வேண்டும், ஊதுவதா விடுவதா என்று முடிவெடுத்த மறுநிமிடம் பக்கைப் போட்டு ஆட்டத்தையும் அவர்களே தொடங்க வேண்டும்.